கடல் கடக்கும் மின்சாரமும் நம் தறியும்

பள்ளிபாளையம் பக்கத்தில் உள்ள ஒரு நெசவாளர் சங்கத்தின் பேரவைக் கூட்டத்துக்கு நாம் அண்மையில் சென்றிருந்தோம். தணிக்கைக் குறிப்புகளுக்கு விளக்கம், இலாபப் பங்கீடு, நிர்வாகக் குழுவின் தீர்மானங்கள் ஆகிய அலுவல்கள் யாவும் முடிந்து தேநீர் வழங்கப்பட்ட வேளையில், முன்வரிசையில் இருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் கையில் மடித்த நாளிதழுடன் எழுந்தார். "ஏனுங்க சார், கடலுக்கு அடியில கம்பி போட்டு இலங்கைக்குக் கரண்டு குடுக்கப் போறாங்களாமே? நமக்கே ஒரு காலத்துல பாதி நாள் தறி நின்னு போச்சுங்க. அவங்களுக்குக் குடுத்துட்டா நமக்குப் பத்துமுங்களா?" என்று கேட்டார். கூடியிருந்தவர்களில் பலர் தலையசைத்தனர்.

அன்று நாம் சொன்ன விடை மிகச் சுருக்கமானது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்பது ஒரு காரணம். கேள்வி நாம் எண்ணியதைவிடப் பெரிது என்பது மற்றொரு காரணம். ஆகையால் அப்பெரியவருக்கும், அவரைப் போன்றே ஐயுறும் நெசவாளர், விவசாய அன்பர்களுக்கும் சற்று விரிவாகவே விடை எழுத முற்படுகிறோம்.

முதலில், அவர் அஞ்சியதில் நியாயம் உண்டு. 2012ஆம் ஆண்டைச் சேலம், நாமக்கல் சமவெளி மறந்துவிடவில்லை. சென்னை நீங்கலான மாவட்டங்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு நிலவிய மாதங்கள் அவ்வாண்டில் இருந்தன. நாம் அப்போது பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் பணித் தேர்வுக்காக மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தோம். அது பெரிய துன்பமன்று. தறிக்காரர்களின் துன்பமே துன்பம். விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் நாடா பாவுக்கு நடுவில் அகப்பட்டு நிற்கும், இழைகள் அறும். அறுந்ததை முடிந்து மறுபடி ஓட்டினால், நின்ற இடத்தில் துணியின் குறுக்கே கோடு விழும். அந்தக் கோட்டைக் காட்டி வியாபாரி விலையைக் குறைப்பார். ஒரு நாளில் ஐந்தாறு முறை நின்றால் கூலி எந்த அளவில் நிற்கும் என்பதை நெய்பவர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. குச்சிக்கிழங்கும் மஞ்சளும் பயிரிட்டவர்களோ, மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை எதிர்நோக்கி நள்ளிரவில் கிணற்றடியில் படுத்துக் கிடந்தனர்.

இத்தனைக்கும் அந்நாளில் நாடு முழுவதும் மின்சாரம் வறண்டு போயிருந்தது என்று கருதுதல் தவறு. மேற்கிலும் கிழக்கிலும் விற்பதற்கு மின்சாரம் இருந்தது. தமிழ்நாடு வாங்கவும் முன்வந்தது. வாங்கியதைக் கொண்டுவரத்தான் போதிய வழியில்லை. தென்னாட்டின் மின்கட்டமைப்பு மற்றப் பகுதிகளோடு நேரடியாக இணைக்கப்படாமல், ஒடிசாவின் தால்சேரிலிருந்து கோலாருக்கு 2003இல் அமைந்த 2000 மெகாவாட் தடம் போன்ற ஒரு சில வாயில்கள் வழியாகவே வடக்கோடு கொடுக்கல் வாங்கல் நடத்தியது. களஞ்சியத்தில் நெல் இருந்து, வண்டிப்பாதை இல்லாமல் ஊர் பசித்திருந்த கதைதான் அது. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் கம்பி இணைக்கப்பட்டது. அன்றுதான் தென்னாடு நாட்டின் ஒரே மின்கட்டமைப்பில் சேர்ந்தது.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. அதே 2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் வட இந்திய மின்கட்டமைப்பு சரிந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து சரிந்து, 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு இருளில் மூழ்கியது. தென்னாடு தப்பியது. ஏன்? அவர்களோடு நாம் நேரடியாகக் கட்டுண்டிருக்கவில்லை. தனித்திருந்ததால் பட்டினி கிடந்தோம். தனித்திருந்ததாலேயே அந்த இரண்டு நாள்களும் பிழைத்தோம். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டே அயல்நாட்டு இணைப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

எல்லைக்கு அப்பாலிருந்து மின்சாரம் பெறுதல் நம் வட்டாரத்துக்குப் புதிய செய்தியன்று. மேட்டூர் அணையைக் கட்டுவதற்குப் பயன்பட்ட மின்விசை எங்கிருந்து வந்தது என்று இளைஞர்களை நாம் கேட்பதுண்டு. சரியான விடை கிடைப்பது அரிது. அது மைசூர் சமஸ்தானத்தின் சிவசமுத்திரத்திலிருந்து வந்தது. 1902இல் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு 92 மைல் கம்பியிழுத்து மின்சாரம் அனுப்பிய அதே நிலையம்தான். சென்னை மாகாணமும் மைசூரும் அக்காலத்தில் வெவ்வேறு ஆட்சிகள். காவிரி நீருக்காகப் பல்லாண்டுகள் வழக்காடி, 1924இல்தான் உடன்பாட்டுக்கு வந்திருந்தன. நீருக்காகப் பூசலிட்ட இரு அரசுகளில் ஒன்று, மற்றொன்றின் அணைக்கு மின்விசை தந்திருக்கிறது. அணை 1934இல் திறக்கப்பட்டது. 1937இல் அதன் அடியில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது.

மேட்டூர் மின்சாரத்துக்கு ஒரு குறை இருந்தது. பாசனத்துக்கு நீர் திறந்தால்தான் அங்கே சக்கரம் சுழலும். ஜூன் 12ஆம் நாள் திறந்து ஜனவரி 28ஆம் நாள் மூடுவது வழக்கம். மூடிய பின் கோடை மாதங்களில் மின்னாக்கம் சுருங்கிவிடும். நீலகிரியில் 1932இல் தொடங்கிய பைக்காரா நிலையமோ மலையேரியில் தேக்கிய நீரை வேண்டும்போது இறக்கிப் பயன்படுத்துவது. அதற்குத் தஞ்சைப் பாசனத்தின் கட்டளை இல்லை. இவ்விரண்டையும் கம்பியால் இணைத்தபோது, ஒன்றின் இளைத்த காலத்தை மற்றொன்று தாங்கிற்று. பின்னர் 1944இல் தொடங்கிய பாபநாசமும் இக்கூட்டில் சேர்ந்தது. நம் நாணயச் சங்கங்கள் எதன் மேல் நிற்கின்றன? எல்லா உறுப்பினருக்கும் ஒரே நாளில் பணமுடை வருவதில்லை என்பதன் மேல்தான். மின்கட்டமைப்பின் அடித்தளமும் அதுவே. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முடை வருமானால் சங்கமும் பயன்படாது, கம்பியும் பயன்படாது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அயல்நாடுகளைப் பார்ப்போம். பூட்டான் நமக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே வாங்சு ஆற்றின் மேல் 336 மெகாவாட் திறனுள்ள சுக்கா நிலையம் 1986 முதல் 1988 வரையில் படிப்படியாக இயங்கத் தொடங்கியது. செலவில் 60 சதவிகிதத்தை இந்தியா நன்கொடையாகவும் 40 சதவிகிதத்தைக் கடனாகவும் அளித்தது. பூட்டானின் தேவை போக எஞ்சிய மின்சாரத்தை இந்தியா வாங்கிக்கொண்டது. கடனைத் தவணைப்படி அடைக்க அந்த விற்பனையே வருவாயாயிற்று. பொருளை அடகு கேளாமல், விளைச்சலை நம்பிக் கொடுத்த கடன் இது! பின்னர் 2006, 2007ஆம் ஆண்டுகளில் 1020 மெகாவாட் தாலா நிலையம் வந்தது. குளிர்காலத்தில் பனிமலை ஆறுகள் சுருங்கும்போது பூட்டானே நம்மிடம் மின்சாரம் வாங்குகிறது. கோடை மழையில் அவர்கள் கொடுக்க, குளிரில் நாம் கொடுக்கிறோம்.

நேபாளம் நெடுங்காலம் இருளில் கிடந்த நாடு. 2016இல் முசாபர்பூரிலிருந்து தல்கேபார் வரை இழுத்த கம்பி வந்த பின்னரே காத்மாண்டு நகரத்தின் நீண்ட மின்வெட்டு நீங்கியது. அதே நாடு 2021 முதல் இந்திய மின்சந்தையில் மழைக்கால உபரியை விற்கிறது. 2024 நவம்பரில் 40 மெகாவாட்டை இந்தியக் கம்பிகள் வழியாக வங்காளதேசத்துக்கு அனுப்பியது. அளவு சிறிதுதான், எனினும் மூன்று நாடுகள் ஒரே கணக்கில் கையெழுத்திட்டிருக்கின்றன.

வங்காளதேசத்தைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. திரிபுராவில் பாலடானா என்னுமிடத்தில் 726 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் கட்டத் தீர்மானித்தார்கள். அதற்குரிய பேரெடை இயந்திரங்களை அசாம் மலைப்பாதை வழியே கொண்டுபோக இயலவில்லை. வரைபடத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். திரிபுராவை மூன்று பக்கமும் வங்காளதேசம் சூழ்ந்திருக்கிறது. அந்நாடு தன் ஆற்றுத் துறைமுகத்தையும் சாலைகளையும் திறந்துவிட்டது. இயந்திரங்கள் அவ்வழியே போய்ச் சேர்ந்தன, நிலையம் எழுந்தது. நன்றிக்கடனாக 2016 மார்ச்சில் திரிபுராவிலிருந்து வங்காளதேசத்தின் கொமில்லாவுக்கு 100 மெகாவாட் மின்சாரம் போகத் தொடங்கியது. அதே நாளில் அவர்களுடைய கடற்கரை வழியே வரும் இணைய இணைப்பு திரிபுராவுக்குக் கிடைத்தது. வழி கொடுத்தவனுக்கு வெளிச்சம் கொடுத்தார்கள் என்றால் மிகையாகாது.

மேற்கு வங்காளத்தின் பகரம்பூரிலிருந்து வங்காளதேசத்தின் பேராமாராவுக்கு 2013இல் 500 மெகாவாட் தடமும், 2018இல் மேலும் 500 மெகாவாட்டும் அமைந்தன. ஆயினும் எல்லாம் இனிமையாகவே நடந்துவிடவில்லை. ஜார்க்கண்டின் கோட்டாவில் வங்காளதேசத்துக்கென்றே கட்டிய 1600 மெகாவாட் தனியார் நிலையம், பல மாத நிலுவை சேர்ந்துவிட்டதென்று 2024 நவம்பரில் தான் அனுப்பும் மின்சாரத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. பின்னர்ப் பணம் வந்துசேர்ந்த அளவில் மின்சாரமும் உயர்ந்தது. விலை நிர்ணயம் சரியா என்று இரு தரப்பும் வாதிட்டன. எமது பணியில் தவணை தவறிய கடன் பட்டியலைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகியவர்கள் நாம். நிலுவை என்பது ஒரு நாளில் பிறப்பதில்லை. முதல் தவணை தவறியபோது யாரும் வாய் திறக்காததால் வளர்வது. நாடுகளுக்கும் இதில் விலக்கில்லை போலும். தெலங்கானாவின் சிரிசில்லாவில், நம்மைப் போன்ற நெசவாளர் ஊரில், 1970இல் தோன்றிய கூட்டுறவு மின்விநியோகச் சங்கம் வீடுகளுக்கும் தறிகளுக்கும் மின்சாரம் அளித்து வருகிறது. மின்சாரத்தை உறுப்பினர் கணக்கில் எழுதி நடத்த முடியும் என்பதற்கு அது சான்று.

இனி, பெரியவர் கேட்ட இலங்கைக்கு வருவோம். இந்த எண்ணம் பழையது. 2010இல் இரு அரசுகளும் மின்வாரியங்களும் சேர்ந்து ஆராய்ச்சிக்கு உடன்பட்டன. மதுரையிலிருந்து அநுராதபுரம் வரை 1000 மெகாவாட் தடம் என்று அப்போது பேசப்பட்டது. இடையில் பாக் நீரிணையைக் கடலடிக் கம்பி கடக்க வேண்டும். பிறகு ஆண்டுகள் ஓடின. இலங்கை முனை மன்னார்ப் பக்கத்தில் அமையலாம் என்று திட்டமும் மாறிற்று. 2025 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பில் இரு நாடுகளும் இதற்கான புரிந்துணர்வு உடன்பாட்டில் கையெழுத்திட்டன.

இலங்கைக்கு இது ஏன் வேண்டும்? அத்தீவின் உச்சத் தேவை 3000 மெகாவாட்டைக்கூட எட்டாதது. சிறிய கட்டமைப்பு சிறிய தோணியைப் போன்றது. ஒருவர் அசைந்தாலும் ஆடும். 2025 பிப்ரவரி 9ஆம் நாள், ஞாயிறு முற்பகலில், பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டது. தீவு முழுவதும் மின்சாரம் போயிற்று. அந்நாட்டு எரிசக்தி அமைச்சரே இக்காரணத்தைச் சொன்னார். இலங்கையில் ஒரு குரங்கு தீ வைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் நகைக்கத் தோன்றும். ஆனால் அன்று மருத்துவமனைகளில் இருந்தவர்களுக்கு நகைப்பு வந்திராது. 2022 மார்ச்சில் எரிபொருள் வாங்கப் பணமின்றி நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டை அந்நாடு அனுபவித்தது. நாம் 2012இல் பட்டதை அவர்கள் பத்தாண்டுகள் கழித்துப் பட்டார்கள். இதற்கு நேர்மாறாக, 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது பகல் வெயிலில் மின்சாரம் மிஞ்சி, கூரைமேல் சூரிய மின்தகடு வைத்திருப்போரை அணைத்து வைக்குமாறு அந்நாட்டு மின்சார சபை வேண்டிக்கொண்டது. முடையிலும் வாட்டம், மிகுதியிலும் வாட்டம். கொண்டுபோய்க் கொட்ட அயல்களம் இல்லாதவனின் நிலை இது.

நமக்கு என்ன பயன் என்பதில் நாம் மிகைபடக் கூற விரும்பவில்லை. நம் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை வீறுகொண்டு சுழல்கின்றன. மன்னார்க் காற்றும் அதே தென்மேற்குப் பருவத்தில்தான் வீசும். ஆகவே காற்றுக்குக் காற்று ஈடாகாது. ஒருவருக்கொருவர் உதவக்கூடியது வேறிடத்தில் இருக்கிறது: மாலை விளக்கேற்றும் நேரத்து நெருக்கடியில் அவர்கள் எண்ணெய் எரித்து மின்சாரம் ஆக்கும் செலவு குறையலாம், விடுமுறைப் பகலில் அவர்களுக்கு மிஞ்சுவது இங்கே விலைபோகலாம், ஒரு பக்கம் நிலையம் விழுந்தால் மறுபக்கம் தோள் கொடுக்கலாம். "நமக்குப் பத்துமா?" என்னும் கேள்விக்கு எண்ணால் விடை சொல்வதானால், 2024 மே மாதத்தில் இந்தியாவின் உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டாக இருந்தது. முழுமையாக 1000 மெகாவாட் போனாலும், அது ஆயிரத்துக்கு நான்கு. நம் தறி அதனால் நிற்காது.

குரங்கு செய்த வினை கம்பி வழியே இங்கும் வந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. ஒன்றாகக் கட்டிய மாறுதிசை மின்கட்டமைப்பில், மின்னோட்டம் எல்லா ஊரிலும் விநாடிக்கு 50 முறை ஒரே தாளத்தில் அலைவுறும். ஓரிடத்தில் தாளம் தப்பினால் எல்லாவிடத்தும் தள்ளாடும். 2012 ஜூலையில் வடநாடு கண்டது அதுவே. கடலைக் கடக்கத் திட்டமிட்டிருப்பது நேர்த்திசை மின்னோட்டம். இக்கரையில் மாறுதிசையை நேர்த்திசையாக்கி அனுப்பி, அக்கரையில் மீண்டும் மாறுதிசையாக்கிக் கொள்வார்கள். எவ்வளவு போகவேண்டும் என்பதை இடையிலுள்ள நிலையம் அளந்து விடும். ஒருவர் தாளம் மற்றவரைத் தொற்றாது. ஒரே வாய்க்காலில் இரண்டு வயல்களைச் சேர்த்து வெட்டாமல், நடுவே மடை வைத்தது போன்ற ஏற்பாடு. கடலடியில் நீளமான கம்பிக்கு மாறுதிசை மின்னோட்டம் ஒவ்வாது என்பதும் ஒரு காரணம். அதன் பெரும்பகுதி கம்பியை நிரப்புவதிலேயே போய்விடும். வங்காளதேசத்துக்குப் பேராமாராவில் அமைத்ததும் இத்தகைய மடையே.

ஆதலால் மின்சாரம் குறைந்துவிடுமோ என்ற அச்சத்தைப் பெரியவர் விட்டுவிடலாம். அவர் அஞ்ச வேண்டியது வேறொன்று. அதை அவரைவிட, கூட்டத்தில் வாசலோரம் நின்றிருந்த ஒரு விவசாய உறுப்பினர் நன்கறிவார்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்த்திசைத் தடம் ஒன்று 6000 மெகாவாட் திறனில் 2020, 2021ஆம் ஆண்டுகளில் பயனுக்கு வந்தது. 2012இல் இல்லாத வண்டிப்பாதை இன்று அகலமாகவே கிடைத்திருக்கிறது. ஆனால் அதன் கோபுரங்கள் ஆகாயத்தில் நிற்கவில்லை. கொங்கு நாட்டு வயல்களில் நிற்கின்றன. 2018ஆம் ஆண்டின் இறுதியில் இப்பகுதி விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தனர். அவர்கள் வெளிச்சத்துக்குப் பகைவரா? அல்லர். கோபுரத்துக்குரிய நிலத்தை அரசு விலைக்கு வாங்குவதில்லை. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு, பயிர்ச் சேதத்துக்கு ஈடு கொடுத்துவிட்டுக் கம்பி இழுப்பதே மரபாக இருந்தது. பட்டா விவசாயியின் பெயரில் இருக்கும். கம்பிக்கு அடியில் தென்னை வைக்க முடியாது, வீடு எழுப்ப முடியாது, திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து தூணை உயர்த்தி ஆழ்துளைக் கிணறு போட இயலாது, விற்கப் போனால் வாங்குவோர் பின்வாங்குவர். 2015இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், கோபுர அடிநிலத்துக்கு நிலமதிப்பில் 85 சதவிகிதமும், கம்பி செல்லும் பாதைக்கு 15 சதவிகிதம் வரையிலும் ஈடு தரலாம் என்றது. 2024 ஜூனில் அது அடிநிலத்துக்கு 200 சதவிகிதம், பாதைக்கு 30 சதவிகிதம் என உயர்ந்தது. உயர்வு நல்லதே. ஆனால் வழிகாட்டுதல் என்பது மாநிலங்கள் ஏற்று நடக்க வேண்டிய ஒன்று. நிலமதிப்பு எது என்பதிலேயே பாதி வழக்கு முளைக்கிறது. முன்பே கம்பி இழுக்கப்பட்டவர்கள் புதிய விகிதத்தைச் செய்தித்தாளில் படித்துப் பெருமூச்செறிகிறார்கள்.

திரிபுராவுக்கு வழி விட்ட நாட்டுக்கு 100 மெகாவாட் கிடைத்தது. தன் வயலில் வழி விட்ட விவசாயிக்கு என்ன கிடைத்தது என்று எம் உறுப்பினர் கேட்டால், அதை மறுக்க எமக்கு வாய் வரவில்லை. ஒரு முறை ஈடு கொடுத்து ஒதுக்கிவிடாமல், கம்பி சம்பாதிக்கும் காலமெல்லாம் ஆண்டுதோறும் வாடகையாக ஒரு பங்கு தரவேண்டும் என்று போராடிய விவசாயிகள் கேட்டார்கள். எமது எண்ணமும் அதுவே. பங்குத்தொகை செலுத்தியவருக்கு ஆண்டுதோறும் இலாப ஈவு கொடுக்கும் சங்கத்தின் ஊழியர் வேறெப்படி எண்ணக்கூடும்? மதுரையிலிருந்து கடற்கரை வரை நடப்படவிருக்கும் கோபுரங்களுக்கும், அக்கரையில் மன்னார் மண்ணில் எழும் கோபுரங்களுக்கும், ஏன், கம்பி கிடக்கும் கடலில் வலை வீசும் இரு கரை மீனவர்களுக்கும் இக்கேள்வி பொருந்தும். இழுவலை உராயாத ஆழத்தில் கம்பியைப் புதைக்க வேண்டும். எங்கே புதைக்கிறார்கள் என்பதை வேலை தொடங்கும் முன்பே மீனவர் சங்கங்களோடு அமர்ந்து பேசவும் வேண்டும்.

இவற்றையெல்லாம் சென்ற வாரம் மீண்டும் அவ்வூர் சென்றபோது பெரியவரிடம் நேரில் சொன்னோம். தறிக்கூடத்தில் நான்கு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓசையில் பாதி அவர் காதில் விழுந்திருக்காது. 2023 முதல் விசைத்தறிக்கு இரு மாதங்களுக்கு 1000 யூனிட் இலவசமாகக் கிடைப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டு, இலங்கையிலும் விசைத்தறி உண்டா என்று கேட்டார். உண்டு என்றோம். "அப்ப அவங்களுக்கும் நூல் அறுந்துதானுங்க இருக்கும்" என்றார். அந்நேரம் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. நான்கு தறிகளும் நின்றன. அவர் எம்மிடம் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து, அறுந்த இழையைத் தேடிக்கொண்டு மூன்றாவது தறிக்குப் போனார்.